சீல் வைத்த பொட்டலமும் நம் பிள்ளைகளும்

காலையில் நாகர்கோவில் வண்டி திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு வந்து நின்றதும் இறங்குகிற கூட்டத்தை ஒரு நாள் நின்று பார்த்தால் போதும். நம்மவர்கள் இந்த ஊரில் என்னென்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். கொத்தனார் கையில் கரணை இருக்கும். பூக்காரி தலையில் தோவாளைப் பூக்கூடை இருக்கும். பெயிண்டர் தோளில் பிரஷ் கட்டு தொங்கும். சாலை பஜாருக்குப் போகிற நகைப்பட்டறைப் பையன்கள் கையில் ஒரு சின்னத் துணிப்பை மட்டும் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு பையனின் துணிப்பையைச் சோதனை போட்டார்கள். உள்ளே சோற்றுப் பாத்திரமும், பிளாஸ்டிக் உறையில் அரைக் கிலோ வெள்ளைப் பொடியும் இருந்தன. "என்ன இது?" என்று கேட்டார்கள். "வெண்காரம்" என்றான். பொன்னைப் பற்றவைக்கும்போது தூவுகிற சாமான் அது. ஆசாரிகள் வீட்டில் சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் கேட்டவருக்குத் தமிழ் அரைகுறை. பதில் சொன்னவனுக்கு மலையாளம் அரைகுறை. பயத்தில் நாக்கு வேறு குழறியது. பையன் ரிமாண்டில் போனான். பிடித்தது யார், எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் இப்போது தேவையில்லை. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. வெள்ளைப் பொடியைக் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்ல யாராலும் முடியாது.

அந்தப் பையனின் தாயாரை வக்கீலிடம் அழைத்துப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதை ஒரு தடவை பரிசோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே, ஐயா. ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார்கள்?" பார்க்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த வரிசை நகர்ந்து பொட்டலம் திறக்கப்பட்டு, "போதைப்பொருள் எதுவும் இல்லை" என்று காகிதம் வர இரண்டரை மாதம் ஆயிற்று. பையன் வெளியே வந்தான். பட்டறை முதலாளி மறுபடியும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பொட்டலத்தைத் திறந்து பார்க்கிறவரைப் பற்றியது. அவரைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. டாக்டர் தெரியும், இன்ஜினீயர் தெரியும், போலீஸ்காரர் தெரியும். ரசாயனப் பரிசோதகர் என்று ஒரு உத்தியோகம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் செல்வாக்கும் சிபாரிசும் இல்லாமல் அயலூரில் பிழைக்கிற நமக்கு, நெருக்கடி நேரத்தில் வேறு எந்த அதிகாரியைவிடவும் வேண்டியவர் அவர்தான்.

72 நாள்

இது ஏதோ தமிழனுக்கு மட்டும் நேர்ந்த கதி என்று எண்ண வேண்டாம். 2023-ம் வருஷம் பிப்ரவரி மாதம் திருச்சூர் மாவட்டத்தில் அழகு நிலையம் நடத்தி வந்த ஒரு மலையாளப் பெண்மணியின் பையிலிருந்து எல்.எஸ்.டி. என்ற போதை ஸ்டாம்புகளை எடுத்ததாக எக்சைஸ் இலாகா வழக்குப் போட்டது. அவர் 72 நாள் ஜெயிலில் இருந்தார். பிறகு ரசாயனப் பரிசோதனை அறிக்கை வந்தது. அவை எல்.எஸ்.டி. ஸ்டாம்புகளே அல்ல என்று அது சொன்னது. கேரள உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. வேண்டாதவர் யாரோ பையில் வைத்துவிட்டுத் துப்புக் கொடுத்தார்கள் என்பது பின்னால் நடந்த விசாரணையில் வெளியாயிற்று. தொழிலும் பெயரும் நாசமான பிறகு வந்த விடுதலை அது.

2010-ல் போபால் விமான நிலையத்தில் ஒருவருடைய மூட்டையில் மாங்காய்ப் பொடியும் மசாலாப் பொடியும் இருந்தன. அங்கிருந்த இயந்திரம் அதைப் போதைப்பொருள் என்று காட்டிவிட்டது. ஹைதராபாத்தில் உள்ள மத்தியப் பரிசோதனைச் சாலை "இதில் போதை வஸ்து ஏதும் இல்லை" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். அதற்குள் 57 நாள் கழிந்திருந்தது.

இந்த இரண்டு வழக்கிலும் அந்த இருவரைக் காப்பாற்றியது எது என்று பாருங்கள். பெரிய மனிதர் சிபாரிசு அல்ல, சாட்சிகளும் அல்ல. மேஜை முன் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, பார்த்ததை அப்படியே எழுதிய ஒரு ரசாயனப் பரிசோதகரின் காகிதம்தான் காப்பாற்றியது. தாமதமாக வந்ததே என்பதுதான் நம் வருத்தம்.

ஒரு கிராமில் இருக்கிறது ஆயுள்

போதைப்பொருள் சட்டம் 1985 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2001-ல் அதைத் திருத்தி, தண்டனையை எடையோடு இணைத்தார்கள். கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஒரு வருஷம் வரை ஜெயில். 20 கிலோவுக்கு மேல் போனால் வியாபார அளவு. குறைந்தது 10 வருஷம், 20 வருஷம் வரையிலும் போகலாம். ஹெராயின் என்றால் 5 கிராமும் 250 கிராமும் எல்லைக் கோடுகள். இப்போது பத்திரிகைகளில் தினமும் அடிபடுகிற எம்.டி.எம்.ஏ. என்ற பொடிக்கு அரை கிராமும் 10 கிராமும்தான். 10 கிராம் என்பது ஒரு சின்ன ஸ்பூனில் அள்ளுகிற அளவு.

வியாபார அளவு என்று எழுதிவிட்டால் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. "இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயம் இருக்கிறது" என்று கோர்ட்டுக்கே தோன்றினால்தான் ஜாமீன் என்று சட்டத்தின் 37-வது பிரிவு சொல்கிறது. அரைக் கிலோ வெண்காரம் வைத்திருந்த நம் பையன் ஏன் அத்தனை நாள் வெளியே வர முடியவில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? பொடி என்னவென்று தெரியாதவரை, அதன் எடைதான் அவன் மேல் சுமத்தப்பட்ட குற்றத்தின் அளவு.

எடை மட்டுமல்ல, பொருளின் பெயரும் முக்கியம். சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூத்த நுனியும் காய்த்த நுனியும். அந்த நுனி சேராமல் வெறும் இலையும் விதையும் மட்டும் இருந்தால் அது கஞ்சாவில் சேராது. சாக்கைத் திறந்து பார்த்து இதைப் பிரித்துச் சொல்கிறவர் யார்? கான்ஸ்டபிளும் அல்ல, ஜட்ஜும் அல்ல. பரிசோதனைச் சாலையில் உட்கார்ந்திருக்கிறவர்தான்.

கோர்ட்டில் அவருடைய அறிக்கைக்கு உள்ள மதிப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண சாட்சி நேரில் வந்து கூண்டில் ஏற வேண்டும். சர்க்கார் ரசாயனப் பரிசோதகரின் அறிக்கையை, அவர் வராமலே சாட்சியமாக ஏற்கலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் இது 293-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 329-வது பிரிவாக இருக்கிறது. தேவைப்பட்டால் கோர்ட்டு அவரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். ஆனால் பெரும்பாலும் காகிதம்தான் பேசும். அந்தக் காகிதத்தில் ஒரு வரி தவறானால் ஒரு குடும்பம் போயிற்று.

பொட்டலத்துக்கு உள்ளே

இத்துறையில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என் கவுண்டருக்கு டிக்கெட் எடுக்க வருவார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு ரசாயனம் என்றால் பள்ளிக்கூடத்து கந்தக நாற்றம்தான் ஞாபகம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பிளாட்பாரம் சாயாக்கடையில் வைத்து அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பொட்டலம் வந்ததும் முதல் வேலை ரசாயனமே அல்ல. அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா, கோர்ட்டு அனுப்பிய மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா, எழுதிய எடையும் தராசு காட்டுகிற எடையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அப்படியே பதிவு செய்ய வேண்டும். "பாதிப் பேர் இதைக் குமாஸ்தா வேலை என்று அலட்சியம் செய்வார்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்" என்றார் அவர். ரயில்வேயில் பார்சல் சீலைப் பார்த்துப் பழகிய எனக்கு இது உடனே புரிந்தது.

முத்திரையின் அருமையைத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1990-ல் இந்த ஊர் விமான நிலையத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் உள்ளாடையில் ஹஷீஷ் மறைத்து வைத்திருந்ததாகப் பிடிபட்டார். கீழ்க் கோர்ட்டு 10 வருஷம் போட்டது. அப்பீலில், அந்த உள்ளாடை அவர் உடம்புக்குச் சேரவே சேராது என்று தெரிந்து விடுதலையானார். பிறகுதான், கோர்ட்டுப் பொறுப்பில் இருந்த தொண்டிப் பொருளில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்ற புகார் எழுந்தது. அது பற்றிய வழக்கு 2024-ல்கூட உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு துணியில் நாலு தையல் மாறியதால் முப்பது வருஷத்துக்கு மேல் நீண்ட கதை அது.

முத்திரை சரியாக இருந்தால் அடுத்தது நிறப் பரிசோதனை. பார்மலினும் கந்தக அமிலமும் கலந்த ஒரு திரவத்தில் ஒரு சிட்டிகை போட்டால் ஹெராயின் ஊதா நிறம் காட்டும். ஆம்பெட்டமின் வகை ஆரஞ்சு காட்டும். கஞ்சாவுக்கு வேறு திரவம். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதன் இலையில் கரடி நகம் போல் வளைந்த ரோமம் தெரியும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு எழுதக் கூடாது. ஒரே நிறத்தை ஒன்றுக்கு மேற்பட்ட வஸ்துக்கள் காட்டலாம். ஆகவே சந்தேகத்தைத் தீர்க்க ஒரு இயந்திரம் இருக்கிறது. அது சாமானை ஆவியாக்கி, ஒரு நீண்ட மெல்லிய குழாய் வழியே ஓடவிட்டு, அதில் கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும். பிறகு ஒவ்வொன்றையும் உடைத்து, துண்டுகளின் எடையைப் படம் போட்டுக் காட்டும். மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, வஸ்துவுக்கு அந்தப் படம் அப்படி.

இந்த ஊரில் இப்படிப்பட்ட சாலைகள் ஒன்றல்ல. போலீஸ் இலாகாவின் தடய அறிவியல் சாலை இருக்கிறது. தலைமை ரசாயனப் பரிசோதகர் சாலை தனியாக இருக்கிறது; கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் அதற்குக் கிளைகள் உண்டு. எக்சைஸ் பிடிக்கிற சாராயமும் கஞ்சாவும், சந்தேக மரணத்தில் எடுக்கிற உடல் உறுப்புகளும் அங்கே போகும். கடையில் விற்கிற மாத்திரையும் டானிக்கும் சரியா என்று பார்க்க மருந்துப் பரிசோதனைச் சாலை வேறு. உணவில் கலப்படம் பார்க்க சர்க்கார் அனலிஸ்ட் சாலை வேறு. நாம் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற கட்டடங்கள்தான். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஏழையின் கண்ணும் குழந்தையின் சிறுநீரகமும்

இந்த வேலை ஜெயில் சம்பந்தப்பட்டது மட்டும்தானா என்றால், இல்லை.

1982 ஓணத்தின்போது வைப்பின் தீவில் விஷச் சாராயம் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 31 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போயிற்று. நம் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். மூன்று இடத்திலும் எமன் ஒருவன்தான். மீத்தைல் ஆல்கஹால் என்று பெயர். சாராயத்துக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் இல்லை. உடம்புக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். செத்தவர்கள் யார்? நாள் கூலிக்கு வேலை செய்து, சாயங்காலம் உடம்பு வலிக்கு மலிவாகக் குடித்தவர்கள். குடித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எந்தக் கேனில் விஷம், அது எங்கிருந்து வந்தது, மீதிக் கேன் எங்கே என்பதை அன்று இரவே சொல்லக்கூடிய பரிசோதகர் இருந்தால் அடுத்த தெருவாவது பிழைக்கும்.

மருந்து விஷயம் இன்னும் கொடுமை. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறந்தார்கள். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தகவல் வந்ததும் தமிழ்நாடு சர்க்காரின் மருந்துப் பரிசோதனைச் சாலை மாதிரியை எடுத்துப் பார்த்தது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ திரவம் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கவே கூடாத சாமான் அது. ஓரிரு நாளில் முடிவு வந்தது. தமிழ்நாடும் கேரளாவும் விற்பனையை நிறுத்தின. மருந்தைத் தயாரித்த ஊர் என்ற அவமானமும் தமிழ்நாட்டுக்குத்தான். விஷத்தைக் கண்டுபிடித்த மேஜை இருந்த ஊர் என்ற ஆறுதலும் தமிழ்நாட்டுக்குத்தான்.

இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது. 1972-ல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கிளிசரினில் கலந்து வந்து 14 பேரைக் கொன்றது. ஒவ்வொரு முறையும் அறிக்கை, கமிஷன், கண்ணீர். மருந்து பாட்டிலில் அடைபடும் முன்பே ஒரு பரிசோதகர் உண்மையாக ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

புதிய தொழில் அல்ல

இதெல்லாம் சினிமாவில் வருகிற நவீன சமாசாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் சாலை 1849-ல் சென்னையில்தான் ஏற்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிந்தியவை. அந்தக் காலத்தில் அவர்கள் தேடியது பெரும்பாலும் பாஷாணமும் ஊமத்தையும். வழிப்போக்கனுக்குச் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துவிட்டு மூட்டையை அடித்துக்கொண்டு போகிற கூட்டம் நாடு முழுதும் இருந்தது. "அறிமுகம் இல்லாதவர் தரும் பிஸ்கட்டைச் சாப்பிடாதீர்கள்" என்று ரயில்வேயில் இன்றும் எச்சரிக்கிறோமே, அதன் பாட்டன் கதை இது. ஊமத்தைக்குப் பதில் இப்போது தூக்க மாத்திரை; அவ்வளவுதான் வித்தியாசம்.

பாஷாணத்தைப் பற்றி ஒரு சங்கதி. இங்கிலாந்தில் பாட்டனாருக்குக் காபியில் பாஷாணம் வைத்ததாக ஒருவன் மேல் வழக்கு நடந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ரசாயனக்காரர் பரிசோதித்து பாஷாணம் இருப்பதைக் கண்டார். ஆனால் ஜூரிகள் முன் காட்டுவதற்குள் அவர் எடுத்து வைத்திருந்த மஞ்சள் படிவு கெட்டுவிட்டது. குற்றவாளி தப்பினான். மார்ஷ் சும்மா இருக்கவில்லை. கெடாத அத்தாட்சி வேண்டும் என்று உழைத்து, துளி பாஷாணத்தையும் கண்ணாடியில் கறுப்பாகப் படியவைத்துக் காட்டும் முறையை 1836-ல் வெளியிட்டார். தன் மேஜையில் நடந்த குறையைத் தானே ஒத்துக்கொண்டு திருத்திய மனிதர். இந்த உத்தியோகத்துக்கு வேண்டிய முதல் தகுதி அந்த மனசாட்சிதான் என்பது என் அபிப்பிராயம்.

தமிழர்களில் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, மனித வெடிகுண்டின் மர்மத்தைச் சிதறிக் கிடந்த துண்டுகளிலிருந்து விளக்கியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். 2000-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

யார் போகலாம்?

வெண்காரம் வைத்திருந்த அதே பையன் போன மாதம் என் கவுண்டருக்கு வந்தான். இப்போது சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். "அண்ணாச்சி, தங்கச்சி எம்.எஸ்ஸி. ரசாயனம் முடிச்சிருக்கா. டீச்சர் வேலைக்கு பி.எட். படிக்கச் சொல்லுறாங்க. வேற என்ன வழி இருக்கு?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எல்லோருக்கும் சொல்கிறேன்.

ரசாயனத்தில் நல்ல பட்டம் இருந்தால் இந்தக் கதவு திறக்கும். தடய அறிவியல் என்றே தனிப் பட்டம் கொடுக்கிற இடங்களும் பெருகிவிட்டன. 2020-ல் பார்லிமெண்டு சட்டத்தின் மூலம் குஜராத் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமே ஏற்பட்டது. ஆனால் போதைப்பொருளும் விஷமும் மருந்தும் பார்க்க அடித்தளம் ரசாயனம்தான். அதை நாகர்கோவில் ஸ்காட் கல்லூரியிலும் இந்துக் கல்லூரியிலும், இங்கே யூனிவர்சிட்டி காலேஜிலும் உமன்ஸ் காலேஜிலும் நம் பிள்ளைகள் படிக்கலாம். கேரளத்தில் பி.எஸ்.சி. மூலமும், தமிழ்நாட்டில் அங்குள்ள தேர்வுகள் மூலமும், மத்திய சர்க்காரின் பரிசோதனைச் சாலைகளுக்கும் சுங்க இலாகாவின் ரசாயனச் சாலைகளுக்கும் தில்லி நடத்துகிற தேர்வுகள் மூலமும் ஆள் எடுக்கிறார்கள். மருந்துப் பக்கம் போக பார்மசி படித்தவர்களுக்கும் வழி உண்டு. தனியார் மருந்துக் கம்பெனிகளில் தர நிர்ணயப் பிரிவிலும் இதே வேலைதான். இதே மனசாட்சிதான் வேண்டும்.

தேவையும் கூடிக்கொண்டு வருகிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, 7 வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போய்த் தடயம் எடுக்க வேண்டும். மாநிலங்கள் இதை ஏற்பாடு செய்ய ஐந்து வருஷம் அவகாசம். அத்தனை நிபுணர்கள் வானத்திலிருந்து குதிக்கப்போவதில்லை. எவர் வீட்டுப் பிள்ளைகளோ போய்த்தான் ஆக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஏன் போகக் கூடாது?

வீடுகளில் எழும் ஆட்சேபங்களும் எனக்குத் தெரியும். "அது போலீஸ் வேலை" என்பார்கள். அல்ல, போலீசார் அனுப்பியதையே "இது நீங்கள் சொன்ன பொருள் அல்ல" என்று எழுதுகிற வேலை. "பெண் பிள்ளைக்கு ஆகாது" என்பார்கள். ஆண் பெண் பேதம் பார்க்கிற வேலை அல்ல இது. பொறுமையும் சுத்தமும் பார்க்கிற வேலை. "நாற்றம், அமிலம், பிண உறுப்பு" என்பார்கள். உண்மைதான். ஓய்வு பெற்ற அந்த நண்பர் அதை மறைக்கவில்லை. தூரத்துக் கோர்ட்டுகளுக்கு அலைய வேண்டும், எதிர்க்கட்சி வக்கீல் குடைவார், முடிவை இப்படி எழுதினால் நல்லது என்று யாராவது காதில் ஓதவும் கூடும் என்றும் சொன்னார். ஆனால் இரவில் நிம்மதியாகத் தூங்க முடிகிற சம்பாத்தியம் என்றார். எத்தனை உத்தியோகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

15 நாள் என்றால் 15 நாள்

பெற்றோரிடம் மட்டும் சொல்லி முடித்தால் பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் ஆகும். சர்க்காரிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

போதைப்பொருள் மாதிரி வந்த 15 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது புதிய சங்கதி அல்ல. முன்பு வந்த மத்திய சர்க்கார் உத்தரவிலேயே இருந்தது. பரிசோதனைச் சாலைகள் போதாமல் விசாரணைக் கைதிகள் வாடுவதைப் பற்றி 2013-ல் உச்ச நீதிமன்றம் கவலைப்பட்டு உத்தரவுகள் போட்டது. 2022 டிசம்பரில் வந்த விதிகள் மறுபடியும் அதே 15 நாளைச் சொல்கின்றன. அளவு பார்க்க அதிக நேரம் ஆகுமானால், பொருள் இன்னது என்பதையாவது முதல் 15 நாளில் சொல்லிவிட வேண்டுமாம். அருமையான விதி. அது அமலில் இருந்தும் 2023-ல் திருச்சூர் பெண்மணிக்கு 72 நாள் ஆயிற்றே, ஏன்? விதி எழுதினால் போதாது. மேஜைக்கு ஆளும் இயந்திரமும் வேண்டும்.

ரயில் பத்து நிமிஷம் தாமதம் என்றால் எங்களைக் கேள்வி கேட்கிறார்கள். அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கிறோம். அதே போல் ஒவ்வொரு பரிசோதனைச் சாலையும் எத்தனை மாதிரி வந்தது, எத்தனை முடிந்தது, 15 நாள் தாண்டி நிற்பது எத்தனை என்று மாதா மாதம் வெளியிட வேண்டும். ஒருவர் ஜெயிலில் இருக்கிற வழக்கின் பொட்டலத்தை முதலில் திறக்க வேண்டும். காலி இடங்களை உடனுக்குடன் நிரப்ப வேண்டும். இதில் செலவு என்று கணக்குப் பார்த்தால், தப்பாக அடைத்து வைத்தவனுக்கு ஜெயிலில் போடுகிற சோற்றுச் செலவையும் கூடவே எழுதிப் பார்க்கட்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாவும் பொங்கல் விழாவும் சிறப்பாக நடத்துகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் ரசாயனம் படிக்கிற நம் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, இத்துறையில் இருக்கிற ஒருவரை அழைத்துப் பேசச் சொன்னால் என்ன? தேர்வு விளம்பரம் வந்தால் சங்கத்துப் பலகையில் ஒட்டி வைத்தால் என்ன? மலையாளம் தடை என்று சொல்ல முடியாது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே எழுதுகிறார்கள்.

நாளைக்கும் காலை வண்டியில் நம் பையன்கள் துணிப்பையோடு வந்து இறங்குவார்கள். அவர்கள் பையில் இருப்பது என்ன என்ற கேள்வி எழுகிற நாளில், பதினைந்து நாளுக்குள் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுக்க ஒருவர் மேஜையில் இருக்க வேண்டும். குற்றவாளி என்றால் தண்டனை வரட்டும். நமக்கு ஆட்சேபம் இல்லை. வெண்காரம் என்றால் வெண்காரம் என்று எழுத வேண்டும். அந்தத் தங்கச்சி இந்த வருஷம் விண்ணப்பம் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நம் தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் போட வேண்டும்.